இடது பக்க மட்கார்டு

மகளே,

போன வாரம் நீ பினாங்கிலிருந்து போன் செய்தபோது, பேச்சின் கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டாய். கல்யாண விருந்தில் நான் மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டும், அதுவும் அம்மாவுக்கு நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கதையைத்தான் பேச வேண்டும் என்றாய். மாப்பிள்ளை பிரவினுக்கு அந்தக் கதை அவ்வளவு பிடித்துப்போய்விட்டதாம். "அந்தக் காலத்துலயே, தோட்டத்துல இருந்துக்கிட்டு, பெஞ்சாதிக்குக் காடி ஓட்டச் சொல்லிக்குடுத்த மனுஷன்லா எங்க மாமா" என்று தன் வீட்டாரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாராம். நான் "பாக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் நீட்டிவிட்டேன். அதற்குப் பிறகு இந்த எட்டு நாளும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. சுற்றிவளைக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை. அவள் கற்றுக்கொள்ளக் கூடாது என்று தடுத்தவன்தான் நான்.

இது மேடையில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே ஏதாவது கேட்பாய், நான் வழக்கம்போலச் சிரித்துச் சமாளித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தைந்து வருஷம் பிட்டராக ஸ்பேனர் பிடித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுமையாகப் படி. முடிந்தால் பிரவினுக்கும் படித்துக் காட்டு. அவருக்குத் தமிழ் வாசிக்க வராது என்றாயே, நீயே வாசித்துச் சொல்.

நம் வீட்டு மோரிஸ் மைனர் காரை நீ பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பு வாங்கினேன். அப்போது நாங்கள் பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருந்தோம். அந்தக் கார் தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, வைத்திருந்தது. விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு அவர் அதில்தான் வருவார். வெளிர்பச்சை நிறம், தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. அது மண்சாலையில் வருகிற சத்தம் கேட்டாலே ரப்பர்ப் பால் வாளியோடு நிற்கும் என் அப்பா சாலையை விட்டிறங்கிப் புல்லில் நின்றுகொள்வார். கிராணி ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை, ஒருநாளும் அப்படி நிற்கச் சொன்னதும் இல்லை. ஆனாலும் அப்பா நிற்பார். கிராணி ஓய்வு பெற்று மகளோடு போய் இருக்கப் புறப்பட்டபோது காரை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். நான் எடுத்துக்கொண்டேன். வாங்கிய அன்றே அப்பாவை ஏற்றிக்கொண்டு சிரம்பான் போனேன். முன் சீட்டில் உட்காரச் சொல்லியும் கேட்காமல் பின்னால் ஏறி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, யாரோ ஒருவருடைய காரில் உட்கார்ந்திருப்பதுபோலவே போய்வந்தார். அந்தக் காரை நான் ஏன் அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தேன் என்பதற்கு இது காரணமாக இருக்கலாம். காரணம்தான், சாக்கு இல்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களோடு நான் இத்தனை வருஷம் பழகியிருக்கிறேன். சிலர் ஏர்கோன் மாட்டுவார்கள், ஜப்பான் இஞ்சினை இறக்குவார்கள், சீட்டுக்குப் புதுத் தோல் தைப்பார்கள். ஓட்டுவதற்கு அதுதான் வசதி, அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் எதையும் மாற்ற மனசு வந்ததே இல்லை. சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று பெட்ரோல் பம்ப்பின் சத்தம் வரும். பெட்ரோல் ஏறி முடிந்ததும் சத்தம் தானாக அடங்கும். அப்புறம் சோக்கை இழுத்து ஸ்டார்ட்டரைக் கொடுக்க வேண்டும். இஞ்சின் சூடானதும் மறக்காமல் சோக்கை உள்ளே தள்ள வேண்டும். புது காரில் பட்டனைத் தட்டினால் போதும், நீ யார் என்றே அதற்குத் தெரிய வேண்டியதில்லை. மைனருக்கு உன் கை தெரிய வேண்டும், கால் தெரிய வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே, அந்தக் காருக்கு என் கையும் காலும் மட்டும்தான் தெரிய வேண்டும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

உனக்கு இரண்டு வயசு நடக்கும்போது அம்மா முதல் தடவை கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, எனக்கும் கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன். நீங்க சிப்டுல இருக்கையில அவசரம்னா ஒதவும்" என்றாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கிளட்சு தேஞ்சிரும். இதுக்கு இப்ப சாமான் எங்க கெடைக்குது?" என்றேன். பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் கார் சாமான் ஒன்றின் பெயரைச் சொல்லித் தட்டிக் கழித்தேன். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்பதை விட்டுவிட்டால் மனசுக்குள் ஆசை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். மகளே, நீ குடும்பம் நடத்தப் போகிறவள். உன் வீட்டில் ஒருவர் மூன்று தடவை கேட்டு, நாலாம் தடவை கேட்காமல் இருந்தால், சமாதானம் ஆகிவிட்டார் என்று நினைத்துவிடாதே. அவர் வேறு எங்கோ கேட்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

அம்மா போன இடம் சுபைதா அக்காவின் கடை. பெடாஸில் வீட்டுக்காரரோடு சேர்ந்து சாப்பாட்டுக் கடை நடத்தினார்களே, அவர்கள்தான். உனக்கு அவர்களுடைய மீன் குழம்பு நினைவிருக்கும். அம்மா அந்தக் கடைக்குத் தினமும் இடியாப்பம் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். சுபைதா அக்கா அந்த ஊரில் வேன் ஓட்டிய ஒரே பெண். பாசாருக்குப் போய் மீனும் காய்கறியும் அவரேதான் வாங்கி வருவார். ஒருநாள் அம்மா அவரிடம் மெதுவாக வாயைத் திறந்திருக்கிறாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அவளைக் கூட்டிப்போய் 'எல்' லைசன்ஸ் எடுக்க வைத்திருக்கிறார். நான் காலை சிப்டுக்குப் போன நாட்களில், இடியாப்பக் கூடையை இறக்கிவிட்டு, வேனைத் தோட்டத்துப் பக்கமாகத் திருப்பி, உன்னைப் பின்னால் உட்காரவைத்து அம்மாவின் கையில் ஸ்டேரிங்கைக் கொடுத்திருக்கிறார். இது எதுவும் எனக்குத் தெரியாது.

உனக்கு நாலு வயசு. நீ சின்னப் பிள்ளையில் ஒருமுறை ஆஸ்பத்திரியில் இருந்தாய் என்று மட்டும் உனக்குத் தெரியும். நாங்கள் உனக்குச் சொன்னதும் அவ்வளவுதான். செம்பனைப் பழம் அதிகம் விழுகிற மாசம், ஆலை ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது. நான் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போயிருந்தேன், கார் வீட்டு வாசலில் நின்றது. காலையிலிருந்து உனக்குக் காய்ச்சல். மத்தியானம் உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, வலிப்பு வந்துவிட்டது. ஞாயிறு என்பதால் தோட்டத்து மருந்தகம் பூட்டியிருந்தது. போன் இருந்த ஆபீசும் பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் கார் வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு போய் மைனரில் ஏறினாள்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். சுபைதா அக்காவின் வீட்டுக்காரர் மோட்டாரில் ஆலைக்கு வந்து என்னை வெளியே கூப்பிட்டார். "தம்பி, பாப்பாவுக்கு இழுத்துக்கிச்சாம். ஒங்க வீட்ல சிரம்பான் பெரியாஸ்பத்திரியிலேருந்து எங்க கடைக்குப் போன் அடிச்சிச்சு. உள்ள கொண்டுபோயிருக்காங்களாம். வேற ஒண்ணும் தெரியல. நீங்க ஒடனே போங்க" என்றார். "எப்படிப் போனாங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, "ஒங்க காடியிலதான். தங்கச்சியே ஓட்டிக்கிட்டுப் போயிருக்கு" என்றார்.

இனி நான் எழுதப் போவதை இருபத்தேழு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் மோட்டாரை விட்டதும் மைனர் கண்ணில் பட்டது. இரண்டு கார் நிறுத்தும் இடத்தில் குறுக்காக நின்றது. கதவுகூடச் சரியாகச் சாத்தவில்லை. முன்பக்க இடது மட்கார்டு உள்ளே போயிருந்தது. நான் மோட்டாரை நிறுத்திவிட்டு வார்டைப் பார்த்துப் போகவில்லை. காரைப் பார்த்துப் போனேன். குந்தி உட்கார்ந்து, நசுங்கிய இடத்தைக் கையால் தடவினேன். விளக்கு வளையம் கோணியிருக்கிறதா என்று பார்த்தேன். பெயின்ட் செதில் கையோடு வந்தது. ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ இருக்கும். நீ உயிரோடு இருக்கிறாயா என்று எனக்குத் தெரியாத இரண்டு நிமிஷம். அந்த நேரத்தில் நான் மட்கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனேன். அம்மா உன் கட்டிலுக்குப் பக்கத்தில், வீட்டில் கட்டுகிற சாரோங்கோடு, தலைமுடி அவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. உன் கையில் ஊசி ஏற்றி, குழாய் வழியாக மருந்துத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, நீ தூங்கிக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் அம்மா சட்டென்று எழுந்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் கேட்டேன்: "யாரு ஒன்னயக் காடிய எடுக்கச் சொன்னது?" பக்கத்துக் கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த மலாய்த் தாதிக்கு வார்த்தை புரியாவிட்டாலும் குரல் புரிந்திருக்கும், திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே அணைந்துபோனது. அவள் திரும்ப உட்கார்ந்து உன் காலைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்து, வலிப்பு நிற்காமல் இருந்ததாகவும், நல்ல நேரத்தில் கொண்டுவந்து சேர்த்ததாகவும் என்னிடம் சொன்னார். நான்தான் கொண்டுவந்தேன் என்று நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நீ வீடு திரும்பியதற்கு மறுநாளே நான் மட்கார்டைக் கழற்றி, ஆலைப் பட்டறையில் தட்டி நிமிர்த்தி, நிமிராத இடத்தில் புட்டி என்கிற அடைப்புப் பசையை வைத்துத் தேய்த்து, பெயின்ட் அடித்து மாட்டிவிட்டேன். கைத் தொழில் சுத்தமாக இருந்தது, இடித்த அடையாளமே இல்லை. பிறகு நேராகச் சுபைதா அக்காவின் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "யாரக் கேட்டு என் பெஞ்சாதிக்குக் காடி ஓட்டச் சொல்லிக் குடுத்தீங்க?" என்றேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஒங்களக் கேட்டிருந்தா நீங்க சரின்னிருப்பீங்களா தம்பி? பாப்பா இன்னிக்கு வீட்டுல வெளையாடிக்கிட்டிருக்குமா?" என்றார். பிறகு பெஞ்சைக் காட்டி, "நிக்காதீங்க, ஒக்காந்து தே தண்ணி குடிச்சிட்டுப் போங்க. மொகமெல்லாம் வேர்த்திருக்கு" என்றார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன். அந்த அம்மாள் இறந்து இரண்டு வருஷமாகிறது. நீலாயில் அவர் மகன் வீட்டுக்குத் துக்கம் கேட்க நானும் போயிருந்தேன், வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தேன். அவரிடம் நான் சொல்ல வேண்டியிருந்த ஒரு வார்த்தையை அவர் உயிரோடிருந்த அத்தனை வருஷத்தில் சொல்லவில்லை. நீ யாருக்காவது நன்றி சொல்ல வேண்டியிருந்தால், கூச்சமாக இருந்தாலும் போய்ச் சொல்லிவிடு.

பொய் பிறந்தது அந்த வாரம்தான். தண்ணீர்க் குழாயடியில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தபோது ஒருவர், "என்னப்பா, ஒன் வீட்டுக்காரி காடி ஓட்டுதாமே!" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. "நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவசரத்துக்கு ஒதவும்லா" என்றேன். அவள் என்னிடம் சொன்ன அதே வார்த்தை. அம்மா அங்கேதான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வெளியே அப்படிச் சொன்னவன் வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? சிப்டுக்குப் போகும்போது கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சாவி மட்டும் போதாது என்று, இஞ்சினுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கிற மூடியைத் திறந்து, ரோட்டர் என்று ஒரு சின்னச் சாமான், கட்டை விரல் அளவுதான் இருக்கும், அதையும் உருவி எடுத்துக்கொண்டு போனேன். அது இல்லாவிட்டால் யார் என்ன செய்தாலும் வண்டி கிளம்பாது. ஏன் செய்தாய் என்று நீ கேட்பாய். காருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது தெரிகிறது. நான் இல்லாமலே உன்னை அவள் காப்பாற்றிவிட்டாள். நான் இல்லாமலும் அந்த வீடு நடக்கும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. மூன்று மாசம் அப்படி நடந்தது. ஒருநாள் அம்மா துணி துவைக்கும்போது என் சட்டைப் பையில் அது அகப்பட்டது. நான் பசியாறிக்கொண்டிருந்தேன். மேசை மேல் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"இது காடிச் சாமானா?"

"ஆமா."

"இது இல்லாட்டி காடி கெளம்பாதா?"

அவள் ஈரக் கையைச் சாரோங்கில் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "பாப்பாவுக்கு மறுபடியும் இழுத்துக்கிச்சின்னா?"

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, அழவில்லை. நான் எழுந்து போய் அதைக் காரில் மாட்டினேன். சாவியைக் கதவோரத்து ஆணியில் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு அந்தச் சாவியை நான் எடுத்துக்கொண்டு போனதே இல்லை. அம்மா அந்த வருஷமே சோதனைக்குப் போய் லைசன்ஸ் வாங்கிவிட்டாள். கூடப் போனது சுபைதா அக்கா. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து அம்மாதான் உன்னைக் கொண்டுபோய் விட்டாள், நீ பார்த்து வளர்ந்தது அதைத்தான். நீ ஒருநாள் "அம்மாவுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டபோது, குழாயடிப் பொய் என் வாயில் தயாராக இருந்தது. வருஷம் போகப் போக அதற்குக் கையும் காலும் முளைத்தது. அவள் கியர் போடத் தெரியாமல் விழித்தது, நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது என்றெல்லாம் சேர்த்தேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்ததால் அவளுக்கு வலிக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நாங்கள் லாபுவுக்குக் குடிவந்து, நான் வேலையிலிருந்து நின்ற பிறகு பழைய கார்க்காரர்கள் கூட்டத்தில் சேர்ந்தேன் அல்லவா, இரண்டு மாசத்துக்கு முன்பு சி ரூசா கடற்கரையில் எல்லாரும் கூடினோம். முப்பது கார் இருக்கும். மர நிழலில் வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் காரை இன்னொருவர் புகழ்வதும் நோண்டுவதுமாக ஒரே கலகலப்பு. ஈப்போவிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். அவரும் மைனர் வைத்திருக்கிறார். நான் வழக்கம்போல, "கிராணி வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அதே பாடி. ஒரு கீறல் கெடையாது" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, விளையாட்டாகக் காரைச் சுற்றி ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். இரும்பு இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டும், புட்டி இருக்கிற இடத்தில் ஒட்டாது. இடது மட்கார்டில் காந்தம் நழுவி மணலில் விழுந்தது. "அங்கிள், இங்க அடிபட்டிருக்குலா" என்றார். சுற்றி ஏழெட்டுப் பேர். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "அப்படியா? கிராணி எங்கயாச்சும் இடிச்சிருப்பாரு" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது லுக்குட் ஊரைத் தாண்டியதும் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "பாவம் அந்தக் கிராணி" என்றாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகும் ஒரு மாசத்துக்கு மேல் ஒன்றும் செய்யாமல்தான் இருந்தேன். உன் போன் வந்த பிறகு, முந்தாநாள் காலையில், காரை வெளியே இறக்கி, உப்புத்தாளை எடுத்து இடது மட்கார்டைத் தேய்க்க ஆரம்பித்தேன். பெயின்ட் போனது, கீழே இருந்த புட்டி தூளாக உதிர்ந்தது, கடைசியில் பழைய பள்ளம் தெரிந்தது. அம்மா பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள் நின்று பார்த்தாள். கிட்டே வந்து, குனிந்து, விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். "இவ்ளோ பெருசாவா இடிச்சேன்?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை, நான் பார்க்க விடவில்லை. அவள் எப்படி அன்றைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் போனாள் என்று நான் ஒருநாள்கூடக் கேட்டதும் இல்லை.

"அன்னிக்கு எப்படிப் போனே?" என்று கேட்டேன்.

அவள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "வாசல் தூணுல இடிச்சதே தெரியல. டமார்னு சத்தம் கேட்டுச்சு, போய்க்கிட்டே இருந்தேன்" என்றாள். "பாப்பாவ முன் சீட்டுல வச்சி எம் பழைய சேலையால கட்டிப்புட்டேன். ஒரு கை ஸ்டேரிங்ல, ஒரு கை அவ நெஞ்சில. சுபைதா அக்கா வேன்ல கியரு ஸ்டேரிங்கிட்ட இருக்கும். இதுல தரையில இருக்கு. ரெண்டாவது விழுந்திச்சு, மூணாவது எங்க இருக்குன்னு தெரியல. ரெண்டுலயே செனாவாங் வரைக்கும் போனேன். சோக்க உள்ள தள்ள மறந்துட்டேன், பின்னால ஒரே கறுப்புப் பொகை. டிராபிக் லைட்டுல இஞ்சின் நின்னு போச்சி. பின்னாடி எல்லாம் ஹார்ன் அடிக்கிறானுங்க. ஒரு சீனரு, லோரி டிரைவரு, எறங்கி வந்தாரு. ஏசப்போறாருன்னு நெனச்சேன். பாப்பாவப் பாத்தாரு. ஒண்ணும் பேசல. கைய விட்டு சோக்கத் தள்ளி, ஸ்டார்ட் பண்ணிக் குடுத்திட்டு, லோரிய எனக்கு முன்னால கொண்டாந்து, ஹார்ன் அடிச்சிக்கிட்டே பெரியாஸ்பத்திரி வாசல் வரைக்கும் வழி விட்டுக் குடுத்தாரு. எறங்கித் திரும்பிப் பாக்கறேன், போயிட்டாரு."

உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது கேட்க வேண்டும் என்று, "ரொம்பப் பயந்திட்டியா?" என்றேன்.

"பயப்பட எங்க நேரம்? வாய் மட்டும் பேசிக்கிட்டே வந்துச்சு. பாப்பாவுக்குக் காது கேக்குமோ கேக்காதோ, பேசிக்கிட்டே வந்தேன்."

"என்ன பேசினே?"

அவள் சிரித்தாள். சிரிப்பு முடியும்போது உதடு லேசாகக் கோணியது. "'அப்பா ஏச மாட்டாரு பாப்பா, காடிய எடுத்ததுக்கு அப்பா ஏசவே மாட்டாரு'ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். வழி பூரா அதேதான்."

மகளே, நான் அதற்குப் பிறகு என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் இருக்கட்டும். அறுபத்தாறு வயசுக்காரன் வாசலில் உட்கார்ந்து அழுததை எதிர்வீட்டுச் சீன அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன். உனக்கும் பிரவினுக்கும் நான் சொல்ல ஆசைப்படுவது பெரிய தத்துவம் இல்லை. உங்களில் ஒருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு காரியம் செய்து முடித்துவிட்டு வந்து நிற்கும்போது, மற்றவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்க வேண்டும். உடைந்தது, நசுங்கியது எல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். அந்த முதல் வார்த்தையை மட்டும் பிறகு தட்டி நிமிர்த்த முடியாது, நான் முயன்று பார்த்துவிட்டேன். கல்யாண விருந்தில் நான் பேச மாட்டேன். அம்மாவிடம் கேட்டேன், அவள் பேசுகிறாளாம். என்ன பேசப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது, எதைச் சொன்னாலும் நான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

அன்றைக்கு நான் அழுது முடித்ததும் அம்மா வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். என் தோளில் ஒட்டியிருந்த புட்டித் தூளை முந்தானையால் தட்டிவிட்டாள். "போதும், எழுந்திரிங்க. தோசை ஆறிப்போவுது, வந்து பசியாறுங்க" என்றாள். நான் கை கழுவிக்கொண்டு அவள் பின்னாலேயே உள்ளே போனேன்.

உன் அப்பா